ஜல்லி சிறியதானால் நெருக்கமாக அடையுமா? ஆய்வகத்தில் கிடைத்த மூன்று விதமான விடைகள்

வைகைக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கட்டுமானப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன் நான். கான்கிரீட் ஆய்வகத்தில் ஜல்லியின் திரள் அடர்த்தியை, அதாவது கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் அடர்த்தியை, அளந்தபோது எழுந்த ஐயம் இது.

20 மி.மீ. சல்லடையில் புகுந்து 16 மி.மீ. சல்லடையில் தங்கிய ஜல்லியைத் தனியாகவும், 12.5 மி.மீ. சல்லடையில் புகுந்து 10 மி.மீ. சல்லடையில் தங்கியதைத் தனியாகவும் அளந்தோம். சிறிய கற்களுக்கு இடையில் சிறிய சந்துகளே இருக்கும் என்பதால் இரண்டாவது கூடுதலாக எடை காட்டும் என்று எதிர்பார்த்தேன். இரண்டுமே லிட்டருக்கு ஏறத்தாழ 1.5 கிலோ என்றே வந்தன. கல்லின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 2.7 என்பதால், பாத்திரத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு கல், மீதி காற்று.

ஆனால் பெரிய ஜல்லியோடு மணலைச் சேர்க்கச் சேர்க்க அடர்த்தி வேகமாக ஏறியது. ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கவும் தொடங்கியது. எல்லாவற்றையும்விட நுண்ணிய சிமெண்டை எடுத்துக்கொண்டாலோ, அதன் ஒப்படர்த்தி 3.15 ஆக இருந்தும், தளர்வாகக் கொட்டும்போது ஒரு கன மீட்டருக்கு 1440 கிலோ என்றே கணக்கிடுகிறோம். அப்படியானால் அதில் பாதிக்கும் மேல் காற்றுதான்.

துகளின் அளவு குறைந்தபோது ஓரிடத்தில் எந்த மாற்றமும் இல்லை, ஓரிடத்தில் நெருக்கம் கூடுகிறது, ஓரிடத்தில் குறைகிறது. இந்த மூன்றையும் ஒரே அடிப்படையில் விளக்க முடியுமா?

எண்கோணம்

உங்கள் மூன்று அளவீடுகளும் நம்பத்தக்கவையே. முதலாவதை நான் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் கான்கிரீட்டிலும் பொடிகளிலும் பழகியவர்கள் வரட்டும்.

ஒரே அளவுள்ள குண்டுகள் நிறைந்த ஒரு பெட்டியை, உள்ளிருக்கும் குண்டுகளோடு சேர்த்து, எல்லாப் பக்கமும் இருமடங்காகப் பெரிதாக்குவதாக எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு குண்டின் கன அளவும் எட்டு மடங்காகும். ஒவ்வொரு சந்தின் கன அளவும் அதே எட்டு மடங்காகும். ஆகவே பெட்டியில் எத்தனை பங்கு குண்டு, எத்தனை பங்கு வெற்றிடம் என்ற விகிதம் சிறிதும் மாறாது. சிறிய கற்களுக்கு இடையில் சந்து சிறியது என்று நீங்கள் நினைத்தது சரிதான். ஆனால் அந்தச் சந்துகளின் எண்ணிக்கை அதே அளவுக்குக் கூடிவிடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரே அளவுத் துகள்களைப் பொறுத்தவரை நெருக்கத்தைத் தீர்மானிப்பவை வடிவம், மேற்பரப்பின் உராய்வு, கொட்டிய முறை ஆகியவையே.

கோளங்களுக்கு இந்த விகிதம் எந்த வரம்புக்குள் இருக்கும் என்பது நன்றாகவே தெரிந்த ஒன்று. நேர் நேராக அடுக்கினால் 52.4 விழுக்காடு நிரம்பும். பழக்கடையில் ஆரஞ்சை அடுக்குவதுபோல் குழியில் குழியாக அடுக்கினால் 74.05 விழுக்காடு. இதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று கெப்ளர் 1611-இல் கூறினார். தாமஸ் ஹேல்ஸ் 1998-இல் அதற்கு நிறுவலை முன்வைத்தார். அந்த நிறுவலைக் கணினியால் வரிக்கு வரி சரிபார்க்கும் பணி 2014-இல் முடிந்தது. ஆனால் இவையெல்லாம் கையால் அடுக்குவதற்கு உரியவை. கொட்டும் குண்டுகள் தாமாக அந்த ஒழுங்குக்கு வருவதில்லை. 1960-இல் ஜி. டி. ஸ்காட் எஃகுக் குண்டுகளைக் கொண்டு அளந்தபோது, தளர்வாகக் கொட்டினால் ஏறத்தாழ 60 விழுக்காடும், நன்றாகக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காடும் நிரம்பின. படியில் தானியத்தைக் குலுக்கி அளப்பதற்கும் குலுக்காமல் அளப்பதற்கும் இடையே நம் வீடுகளில் நடக்கும் வாக்குவாதம் முழுவதும் இந்த நான்கு விழுக்காட்டைப் பற்றியதுதான்.

உங்கள் ஜல்லி 55-இல் நின்றதற்குக் காரணம் அதன் கூர்முனைகளும் சொரசொரப்பும். உராய்வினால் கற்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு வளைவுகள் அமைத்துவிடுகின்றன. அவற்றுக்கு அடியில் வெற்றிடம் தங்கிவிடுகிறது. ஆனால் கோளத்திலிருந்து விலகிய வடிவம் எல்லாமே தளர்வாகத்தான் அடையும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் எம் அண்டு எம் மிட்டாய்களைக் கொட்டி அளந்து 2004-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சற்றே தட்டையான வழுவழுப்பான மிட்டாய்கள் 68 விழுக்காட்டுக்கும் மேல் நிரம்பக்கூடும் என்று கண்டார்கள். கோளங்களால் அது இயலவில்லை.

அளவு வேறொரு வழியாக உள்ளே நுழையக்கூடிய இடம் ஒன்று உண்டு: பாத்திரத்தின் சுவர். சுவரை ஒட்டிய பகுதியில் துகள்கள் சுவரைத் தாண்டி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள முடியாது. எனவே துகளின் விட்டத்தில் பாதி அளவுத் தடிமனுக்கு அங்கே நெருக்கம் குறைந்துவிடும். துகள் பெரிதானால் அந்தத் தளர்ந்த பட்டையும் தடிக்கும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 2386 மூன்றாம் பகுதி 4.75 மி.மீ.-க்கு உட்பட்டவற்றுக்கு 3 லிட்டர், 40 மி.மீ. வரை 15 லிட்டர், அதற்கு மேல் 30 லிட்டர் என்று தனித்தனி உருளைகளைக் குறிப்பிடுவது இதனால்தான். 20 மி.மீ. ஜல்லியை ஒரு லிட்டர் குவளையில் அளந்திருந்தால், ஜல்லியின் அளவு நெருக்கத்தை மாற்றுகிறது என்ற பொய்யான முடிவே உங்களுக்குக் கிடைத்திருக்கும்.

கலவைக்காரர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரெடிமிக்ஸ் ஆலையில் கலவை வடிவமைப்பு என் வேலை.

மணலைச் சேர்க்கும்போது நெருக்கம் கூடுவதை, சந்துகளுக்குள் மணல் புகுந்து நிரப்புகிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அது பாதி விளக்கம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் பாருங்கள், தம்பி. பாத்திரம் முழுக்க மணல் மட்டும் இருக்கிறது; அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் காற்று. இப்போது அந்த மணலின் நடுவே ஒரு கல்லை வைத்து, அது பிடிக்கும் இடத்திலிருந்த மணலை வெளியே எடுத்துவிடுகிறோம். காற்றோடு கூடிய ஒரு பகுதி போய், காற்றே இல்லாத கல் அங்கே வந்துவிட்டது. எனவே மணலில் கல்லைச் சேர்த்தாலும் நெருக்கம் கூடுகிறது. கல்லில் மணலைச் சேர்த்தாலும் நெருக்கம் கூடுகிறது. இரு பக்கத்திலிருந்தும் ஏறும் கோடுகள் சந்திக்கும் இடமே நீங்கள் கண்ட உச்சி. அதைத் தாண்டி மணலைக் கூட்டினால், மணல் சந்தை நிரப்புவதை விட்டுவிட்டுக் கல்லைக் கல்லிலிருந்து விலக்கத் தொடங்குகிறது.

கணக்கு எளிது. பெரிய குண்டுகள் 64 விழுக்காடு இடத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி 36. அந்த 36-க்குள் மிக மிகச் சிறிய குண்டுகள் தாமும் 64 விழுக்காடு நிரம்பினால், மொத்தம் ஏறத்தாழ 87. அந்த உச்சியில் திடப்பொருளில் சிறியவற்றின் பங்கு ஏறத்தாழ 26 விழுக்காடு. இன்னும் நுண்ணிய மூன்றாவது வகையையும் சேர்த்தால் 95 வரை போகலாம். இவை தாளில் வரும் எண்கள் மட்டுமல்ல. மெக்கியரி என்பவர் 1961-இல் வெளியிட்ட சோதனையில், ஒன்றுக்கு ஏழு, முப்பத்தெட்டு, முந்நூற்றுப் பதினாறு என்ற விகிதத்தில் விட்டம் உள்ள நான்கு அளவுக் குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அதிர வைத்து இறக்கி, 95 விழுக்காட்டை எட்டினார்.

அந்த முதல் "ஏழு" முக்கியமானது. ஒன்றையொன்று தொடும் மூன்று கோளங்களுக்கு நடுவிலுள்ள வாயிலில், அவற்றின் விட்டத்தில் 0.155 பங்குக்கு மேற்பட்ட எதுவும் நுழையாது. அதாவது சிறியதைவிடப் பெரியது ஆறரை மடங்காவது இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் குழி அதைவிடப் பெரியதாக இருந்தாலும் வாயில் குறுகலானது என்பதால் பயனில்லை. 20 மி.மீ. கல்லின் நடுவே 3 மி.மீ. மணல் தானாக இறங்கிவிடும், 10 மி.மீ. ஜல்லி இறங்காது, பெரிய கற்களை விலக்கித்தான் தனக்கு இடம் பிடிக்கும். ஆகவே நீங்கள் அளந்த இரண்டு ஜல்லிகளையும் ஒன்றோடொன்று கலந்தால் நெருக்கம் சிறிதளவே கூடும். கலவையில் நாங்கள் 20-ஐயும் 12.5-ஐயும் சேர்த்துப் போடுவதற்கு வெற்றிடத்தைக் குறைப்பதைவிடக் கான்கிரீட் பிரியாமல் பம்பில் ஓட வேண்டும் என்பதே பெரிய காரணம்.

உண்மையான மணலில் உச்சி 26-இல் வராது. அதைவிடக் கூடுதலான மணலில்தான் வரும். மணலின் பெரிய மணிகள் கற்களைச் சற்றே விலக்கிவிடுகின்றன. மேலும் எண்கோணம் சொன்ன சுவர் விளைவு ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பிலும் நிகழ்கிறது. மணலுக்குக் கல்லும் ஒரு சுவர்தான். இந்த இரு விளைவுகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டு நெருக்கத்தை முன்கூட்டியே சொல்லும் முறையைப் பிரான்சில் த லரார் என்பவர் செம்மைப்படுத்தினார். இன்று கலவை வடிவமைப்புக்கான மென்பொருள்கள் சிலவற்றின் அடியில் இருப்பது அதுவே.

எல்லா அளவுகளும் தொடர்ச்சியாக இருந்தால் என்ன கிரேடிங் (எந்த அளவு எத்தனை பங்கு என்ற பகிர்வு) வேண்டும் என்பதற்கு, அமெரிக்காவில் ஃபுல்லரும் தாம்சனும் 1907-இல் கொடுத்த வளைவு இன்னும் பயன்படுகிறது. ஒரு சல்லடையில் புகும் பங்கு, அந்தச் சல்லடை அளவைப் பெரும அளவால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். பெரும அளவு 20 மி.மீ. என்றால் 5 மி.மீ.-இல் பாதி புக வேண்டும், 1.25 மி.மீ.-இல் கால் பங்கு. இதில் சிமெண்டும் உட்படும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நுண்பொடி

மூன்றாவது கேள்வி என் துறைக்கு நெருக்கமானது. மாத்திரை தயாரிக்கும் இடத்தில் பொடிகளின் ஓட்டத்தைக் கவனிக்கும் பணியில் இருக்கிறேன். சிமெண்டுக்கும் எங்கள் மருந்துப் பொடிகளுக்கும் உள்ள சிக்கல் ஒன்றே.

பெட்டியைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விகிதம் மாறாது என்ற வாதம், துகளின் மீது எடையும் தொடுவிசையும் உராய்வும் மட்டுமே செயல்படும் வரை பொருந்தும். துகள்களுக்கு இடையே ஒட்டும் விசையும் உண்டு. வான் டெர் வால்ஸ் விசை துகளின் விட்டத்துக்கு ஏற்பக் குறைகிறது. எடையோ விட்டத்தின் முப்படிக்கு ஏற்பக் குறைகிறது. ஆகவே ஒட்டுவிசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம், விட்டம் குறையக் குறைய அதன் இருபடியில் ஏறுகிறது. 1 மி.மீ. மணலிலிருந்து 10 மைக்ரான் சிமெண்டுத் துகளுக்கு இறங்கும்போது விட்டம் நூறில் ஒன்றாகிறது. அந்த விகிதம் பத்தாயிரம் மடங்காகிறது. விழும் துகள் தான் தொட்ட முதல் இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. உருண்டு குழிக்குள் இறங்க அதன் எடை போதுமானதாக இல்லை. உலர்ந்த பொடிகளில் நூறு மைக்ரானை ஒட்டி இந்த மாற்றம் தெரியத் தொடங்கும். நீங்கள் கூறிய எண்களையே வைத்துக்கொண்டால், தளர்ந்த சிமெண்டில் திடப்பொருள் 46 விழுக்காடு மட்டுமே. சிலிக்கன் உலைப் புகையிலிருந்து கிடைக்கும் சிலிக்கா ஃபியூம் என்ற பொடி இன்னும் மோசம்: அதன் துகள்கள் மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவே இருப்பதால், கெட்டிப்படுத்தாத நிலையில் ஒரு கன மீட்டரில் சில நூறு கிலோ மட்டுமே அடங்கும்.

பொடியைத் தட்டித் தட்டி இறுக்கினால் எவ்வளவு சுருங்குகிறது என்பதை எங்கள் ஆய்வகங்களில் வழக்கமாகவே அளக்கிறோம். தட்டிய அடர்த்தியைத் தட்டாத அடர்த்தியால் வகுத்தால் வருவது ஹவுஸ்னர் விகிதம். அது 1.25-ஐத் தாண்டினால் அந்தப் பொடி குழாயில் சிக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

மணலிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். அங்கே ஒட்டுவது தண்ணீர். ஈர மணலில் மணிகளுக்கு இடையே நிற்கும் நீர்ப்பாலம் இழுக்கும் விசை, மணியை வழுவழுப்பான கோளமாகக் கொண்டால், பை பெருக்கல் விட்டம் பெருக்கல் நீரின் பரப்பு இழுவிசை. 1 மி.மீ. மணிக்கு அது மணியின் எடையைப்போல் ஏறத்தாழ 17 மடங்கு வருகிறது. 20 மி.மீ. கல்லுக்கோ எடையில் 4 விழுக்காடுதான். அதனால்தான் ஈர மணல் உப்புகிறது, ஈர ஜல்லி உப்புவதில்லை. ஐந்தாறு விழுக்காடு ஈரம் ஏறிய மணலின் கன அளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடும். நுண்மணலாக இருந்தால் அதற்கு மேலும் போகும். முழுவதும் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டால் நீர்ப்பாலங்களே இல்லாமல் போவதால், மணல் பழைய உயரத்துக்கு இறங்கிவிடும்.

வைகைக்கரை

மூவருக்கும் மிக்க நன்றி. எண்கள் தெளிவாகப் புரிகின்றன. துணைக் கேள்வி ஒன்று: அப்படியானால் ஜல்லியையும் மணலையும் எந்த விகிதத்தில் கலந்தால் உச்ச நெருக்கம் வருகிறதோ அந்த விகிதமே சிறந்த கலவை என்று கொள்ளலாமா? வெற்றிடம் மிகக் குறைவாக இருப்பதால் சிமெண்டும் மிச்சமாகும் அல்லவா?

நுண்பொடி

கொள்கை அளவில் ஆம் என்பேன். வெற்றிடத்தைக் குறைத்ததன் பயனை மிக நுண்ணிய துகள்களில் தெளிவாகக் காணலாம். 1990-களில் பிரான்சில் உருவான வினைப்பொடிக் கான்கிரீட்டில் ஜல்லியே கிடையாது, அரை மி.மீ. அளவிலான மணல், சிமெண்டு, அரைத்த குவார்ட்ஸ், சிலிக்கா ஃபியூம் என்று ஒன்றின் சந்தில் மற்றொன்று அமரும்படி அளவுகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 1997-இல் கனடாவின் ஷெர்புரூக் நகரில் அதைக் கொண்டு நடைபாலமே கட்டினார்கள். ஒட்டும் துகள்களைப் பிரித்துவிடும் அட்மிக்சர் இல்லாமல் அது நடந்திருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒட்டுவிசையை நீக்கினால்தான் நுண்துகள் சந்துக்குள் போய் அமரும்.

கலவைக்காரர்

இதில் நுண்பொடியோடு நான் உடன்படவில்லை; குறைந்தது நம் தளங்களில் ஊற்றும் கான்கிரீட்டுக்கு உடன்படவில்லை. உலர்ந்த நிலையில் உச்ச நெருக்கம் தரும் விகிதத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், கற்கள் ஒன்றின்மேல் ஒன்று பூட்டிக்கொண்ட கலவை கிடைக்கும். அது அசையாது, கரண்டிக்கும் பணியாது, பம்புக்கும் பணியாது. கான்கிரீட் ஓட வேண்டுமானால், வெற்றிடத்தை நிரப்பியது போக மீதமுள்ள சிமெண்டுக் குழைவு ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய உறையாக நிற்க வேண்டும். மணலைக் கூட்டினால் வெற்றிடம் குறைகிறது, ஆனால் உறை போர்த்த வேண்டிய மேற்பரப்பு கூடுகிறது. அதே எடைக்குத் துகளின் விட்டம் பாதியானால் மேற்பரப்பு இருமடங்கு. இந்த இரண்டுக்கும் இடையில்தான் கலவையைத் தேட வேண்டும்.

தார்ச்சாலைக்காரர்கள் இதை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறார்கள். ஃபுல்லரின் வர்க்கமூலத்துக்குரிய அரை என்ற படிக்குப் பதில் 0.45 என்ற படியைப் போட்டு உச்ச நெருக்கக் கோட்டை வரைந்துவிட்டு, கிரேடிங் அந்தக் கோட்டின் மேல் ஏறி உட்காராமல் பார்த்துக்கொள்வார்கள். கற்கள் முழுமையாக அடைந்துவிட்டால் தாருக்கும் கொஞ்சம் காற்றுக்கும் இடமில்லாமல் போய், வெயிலில் தார் மேலே கசிந்துவிடும்.

எம்-சாண்டைப் பற்றியும் ஒரு சொல். ஐ.எஸ். 383, 75 மைக்ரானுக்கு உட்பட்ட பொடியை ஆற்று மணலில் 3 விழுக்காடு வரை மட்டும் அனுமதிக்கிறது. உடைத்த கல்மணலில் 15 வரை விட்டுக்கொடுக்கிறது. ஆற்று மணலில் அந்தப் பொடி பெரும்பாலும் களிமண். கல்மணலில் அது கல்லின் பொடியே. அளவான கல்பொடி, கூர்மையான மணிகளுக்கு இடையிலுள்ள சந்தை நிரப்பி உதவும். அளவு மீறினால் நுண்பொடி சொன்ன ஒட்டல் தொடங்கி, தண்ணீரைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரைக் கூட்டினால் வலிமை போயிற்று.

உங்கள் சோதனைக்கு நான் பரிந்துரைப்பது இது. 20, 12.5, எம்-சாண்ட் மூன்றையும் அடுப்பில் உலர்த்திக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு ஜல்லிகளின் விகிதத்தை மட்டும் மாற்றி 15 லிட்டர் உருளையில் அளந்து, அதில் நல்லதை நிலைநிறுத்திக்கொண்டு, பிறகு மணலை ஐந்தைந்து விழுக்காடாகக் கூட்டுங்கள். மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் 16 மி.மீ. கம்பியால் 25 முறை குத்த வேண்டும். குத்தாமல் அளந்த எண்ணையும் குத்தி அளந்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் கலக்காதீர்கள். கலந்த கலவையை உயரத்திலிருந்து கொட்டினால் பெரிய கல் ஓரத்துக்கு உருண்டு ஓடிவிடும், அதனால் கைக்கரண்டியால் விளிம்பை ஒட்டியே இறக்குங்கள். உச்சியைக் கண்ட பிறகு, அந்த விகிதத்திலும் அதன் இரு பக்கத்திலும் மூன்று சோதனைக் கலவைகளை ஒரே தண்ணீரும் ஒரே சிமெண்டும் போட்டுப் பிசைந்து ஸ்லம்ப் (கூம்பு அச்சை எடுத்ததும் கலவை எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு) பாருங்கள். மூன்றில் எது பணிகிறது என்பதை உலர் அளவீடு உங்களுக்குச் சொல்லாது.

தளத்தில் பெட்டியால் அளந்து கலப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. மணல் ஈரமாக வந்த நாளில் கண்ணாடி உருளையில் கொஞ்சம் போட்டு உயரத்தைக் குறித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி மீண்டும் உயரத்தைப் பாருங்கள். 25 விழுக்காடு உப்பியிருந்தால், நான்கு பெட்டிக்குப் பதில் ஐந்து பெட்டி போட வேண்டும். யூனிட் கணக்கில் மணல் வாங்குபவர்கள் லாரி வந்த அன்றே இதைச் செய்துவிட்டால், நூறு கன அடிக்குக் கொடுத்த பணத்தில் எத்தனை அடி மணலுக்குப் போயிற்று, எத்தனை அடி வெற்றிடத்துக்குப் போயிற்று என்பதும் தெரிந்துவிடும்.